ஸாபிர் வேகத்தடை

"உன் வீட்டுக்காரர் பேரையே வச்சிடலாம்மா. 'ஸாபிர் வேகத்தடை'. கேக்கவே எப்படி இருக்கு பாரு."

ஹாஜி ஷஹாத்தா தேநீரை உறிஞ்சி முடித்துக் குவளையைக் கீழே வைத்தார். தெருப் பாதுகாப்புக் குழுவின் தலைவர் அவர். தெருவில் உள்ள ஒரே சிமெண்டுக் கடையும் அவருடையதுதான்.

காப்பிக்கடை வாசலில் தனக்காகப் போட்டிருந்த நாற்காலியின் நுனியில் அவள் உட்கார்ந்திருந்தாள். மகன் ஹுசாமின் பேரால் மன்சூரா நகரத்தின் மாவு மில் தெரு முழுக்க அவளை உம் ஹுசாம் என்றுதான் கூப்பிடும். கணவன் ஸாபிருக்கு நேற்று நாற்பதாம் நாள் ஓதி முடித்தாயிற்று.

ஸாபிர் ரொட்டி சுமந்தவன். தலையில் பலகை நிறையச் சூடான ரொட்டி, ஒரு கை பலகையில், மறு கை சைக்கிளில். விடிவதற்கு முன் மில்லுக்கு எதிரே விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. இன்று காலை முதல் அந்தப் பலகை ஹுசாமின் தலையில்.

"பேரெல்லாம் வேணாம் ஹாஜி. மில்லுக்கு எதிர்க்க இருக்கிற கம்பத்துல ஒரு விளக்கு எரிஞ்சா போதும். என் புள்ள அந்த வழியாத்தான் போறான். அவனையாவது நான் வச்சுக்கணும்."

"விளக்கு மின்சார அலுவலகத்தோட வேலைம்மா," என்றார் செயலாளர் உஸ்தாத் ராகிப். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். "அனுமதி இல்லாம நாம கை வச்சா குத்தம்."

"வேகத்தடைக்கு அனுமதி வாங்கினீங்களா வாத்தியாரே?"

உஸ்தாத் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"அது மக்கள் பணி," என்றார் ஹாஜி.

பள்ளிவாசல் தர்மச் சங்கம், கடைக்காரர்கள், கால்பந்து மன்றத்துப் பையன்கள் எல்லோரும் சேர்ந்த குழு அது. பெருநாள் விருந்துக்குக்கூட ஒன்றாக உட்காராதவர்கள், சிமெண்டு என்றதும் ஒரே குடும்பமாகிவிட்டார்கள். தெருவில் இது ஏழாவது வேகத்தடை.

"அப்படியே என் கடை வாசல்லயும் ஒண்ணு போட்டுடுங்க," என்றான் கரும்புச்சாறு விற்கும் பய்யூமி. "வண்டி நின்னு நிதானமாப் போனாத்தான் மனுசனுக்குத் தாகம் தெரியும்."

கால்பந்து மன்றத்துக் கராம் சிரித்தான். "ஒட்டகத்துக்கே ஒரு திமில்தான். உன் கடைக்கு ஏற்கெனவே ரெண்டு. இன்னுமா போதல?"

"பொறாமைப்படாதடா. உங்க மைதான வாசல்ல மூணு இருக்கே."

"சரி, உயரம் எவ்வளவு?" என்றார் உஸ்தாத், பேனாவைத் திறந்தபடி. "ஒரு சாண் போதுமா?"

"ஒண்ணரை," என்றார் ஹாஜி. "உயிர் விஷயத்துல கஞ்சத்தனம் பண்ணக் கூடாது."

"ஹாஜி, விளக்கு..." என்றாள் உம் ஹுசாம்.

"மனு எழுதலாம்மா. அடுத்த கூட்டத்துல பேசுவோம். இப்ப நீ சரின்னு சொல்லு, வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சதும் திறப்பு விழா. பேர்ப் பலகைக்குச் சொல்லியாச்சு."

அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"எந்த இடத்துல?"

"மில்லுக்கு இருபது அடி முன்னாடி."

"அவர் விழுந்தது மில்லுக்கு எதிர்க்கத்தானே. இருபது அடி முன்னாடி எதுக்கு?"

மந்தமான மாணவிக்குக் கணக்குப் புரியவைக்கும் பொறுமையோடு உஸ்தாத் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார்.

"யோசிச்சுப் பாரும்மா. முந்தின நாள் சாயங்காலம் மில்லுக்கு எதிர்க்க நாங்க போட்ட வேகத்தடையில மோதித்தானே அவர் போனார். அதுக்கு இருபது அடி முன்னாடியே இன்னொண்ணு இருந்திருந்தா, அங்க வரும்போது மெதுவா வந்திருப்பார் இல்லையா?"