கண்ணாடி வீட்டுக்குப் பித்தளைப் பலகை

கோபாலபுரத்தின் புது அடுக்குமாடியில் மின்சாரத்தை மிச்சப்படுத்தும் கட்டடம் என்று பசுமைக் கட்டடச் சான்றிதழ் கிடைத்ததற்கு விழா நடக்கிறது. வரவேற்பறையில் மூன்று பக்கமும் கண்ணாடி. உச்சி வெயில் உள்ளே புகுந்து ஆளை வறுக்கிறது. மேல்மாடியில் ஆசையாக வீடு வாங்கிவிட்டுக் கோடை முழுக்க வெந்த நீரஜா, கடைசி வரிசையில் அழைப்பிதழால் விசிறிக்கொள்கிறாள். முதுகில் சட்டை ஒட்ட, பில்டர் ராகவேந்திரன் கண்ணைச் சுருக்குகிறார். “வெயில் மூஞ்சில அடிக்குதுப்பா, ஃபோட்டோ நல்லா வராது. திரைய இழுத்துவிட்டு லைட்டு, ஏசி எல்லாத்தையும் போடு.” கனத்த திரைகள் சரசரவென்று இறங்குகின்றன. பட்டப்பகலில் அறை இருண்டு, கூரை முழுக்க விளக்குகள் எரிகின்றன. ராகவேந்திரன் பல்லெல்லாம் தெரிய, சான்றிதழ் பொறித்த பித்தளைப் பலகையைத் தூக்கிப் பிடித்து வாசிக்கிறார்: “இயற்கை வெளிச்சத்துக்கு முழு மார்க்!” எல்லோரும் கைதட்டுகிறார்கள். நீரஜா தட்டவில்லை. “சார், அந்த வரி மேல இன்னொரு லைட்டப் போடச் சொல்லுங்க,” என்கிறாள். “இங்கேர்ந்து தெரியல.”