ஆயிரம் குறிக்குச் சமம்

வலைத்தளங்களுக்கு நேர்மையாக மதிப்பெண் போடுகிறவர்களுக்கு நியாயமான பரிசு வேண்டும் என்றார்கள். கொடுத்தார்கள். பதினோரு வருடமாகப் போட்டுவரும் வேதரத்தினத்தின் ஒரு சிவப்புக் குறி இப்போது ஆயிரம் பேரின் குறிக்குச் சமம். அவர் சிவப்பு வைத்தால் மறுநாள் அந்தத் தளம் இருக்காது, அதை நம்பிய பிழைப்பும் இருக்காது.

இருமலில் ரத்தம் வந்ததால் மனைவி ஞானாம்பாளுடன் மூன்றாவது மருத்துவரிடம் வந்திருந்தார். பெயரைக் கேட்டதுமே உள்ளே அனுப்பிவிட்டார்கள்.

மருத்துவர் எக்ஸ்ரேயை வெகுநேரம் பார்த்தார்.

"எதுவா இருந்தாலும் மறைக்காம சொல்லுங்க டாக்டர்."

"ஒண்ணுமில்ல சார். சூட்டு உடம்பு. எளநி குடிங்க."

"மூணு பேரும் அதையேதான் சொல்றீங்க" என்று வேதரத்தினம் நிம்மதியாகச் சிரித்தார். மருத்துவர் எக்ஸ்ரேயை அவசரமாக உறைக்குள் திணிப்பதையே ஞானாம்பாள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் நின்று, இருமியபோது கைபேசித் திரையில் தெறித்த ரத்தத்தைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, இந்த மருத்துவரின் தளத்துக்கும் முழு மதிப்பெண் போட்டார்.