கேக்கின் மேல் கம்பி மத்தாப்பு

விருதுநகரில் புதிதாகத் திறந்திருக்கும் ஏசி ஹோட்டலில், மகள் மஹ்ரீனின் பிறந்தநாளன்று ஜாபர் சாதிக்கின் வாய் ஓயவில்லை. "மதுரை ஜிகர்தண்டா திகட்டும். மெட்ராஸ் பலூடாவுல அம்புட்டும் ஐஸுதான். நம்மூரு பரோட்டாவுக்கு மேல எவன் என்னத்தப் போட்டுட்டான்?" கண் மட்டும் மேசைமேல் கிடக்கும் நோக்கியாவை விட்டு நகரவில்லை. ஏழாயிரம்பண்ணையில் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு அவர் போர்மேன். சீசன் நேரத்தில் போன் அடித்தாலே, எந்த ஷெட்டில் வெடித்ததோ என்றுதான் எடுப்பார். திடீரென்று விளக்குகள் அணைகின்றன. இருட்டுக்குள் சர்வர் கொண்டுவரும் கேக்கின் நடுவே கம்பி மத்தாப்பு பொரிந்து பூக்கிறது. மஹ்ரீன் கைதட்டும் முன்பே அவர் ஜக்குத் தண்ணீரை அதன்மேல் கவிழ்க்கிறார். மேசை விரிப்பில் கிரீம் வழிகிறது. "அத்தா, அது வெறும் மத்தாப்புத்தான்." "தெரியும்மா," என்கிறார், ஜக்கைக் கீழே வைக்காமல். "நம்ம கம்பெனி சரக்குதான்."