கப்பலை விட்டு ஓடியவர்

ஓடுகிற மெஷினை அப்படியே விட்டுவிட்டு, பெண்டாட்டிக்குப் பிரசவ வலி என்று ஆஸ்பத்திரிக்கு ஓடியவனை எந்த முதலாளி வைத்துக்கொள்வான்? சீட்டைக் கிழித்துவிட்டார்.

முதலாளியாவது அதோடு விட்டார். அத்தை விடவில்லை. பிறந்த பிள்ளையை வந்து பார்க்கவுமில்லை.

"எங்கப்பா கப்பல்ல என்ஜின் பார்த்தவரு. வேலைன்னா உயிரை விடுவாரு. அவர் பேரன்னு வெளியில சொல்லித் தொலைக்காதே."

அந்த அப்பா பிறந்து இது நூறாவது வருஷம். அவர் வாழ்க்கையைச் சின்னதாய் ஒரு புத்தகமாகப் போட்டு உறவுக்கெல்லாம் கொடுக்க அத்தைக்கு ஆசை. சும்மாதானே கிடக்கிறான் என்று, கப்பல் காலத்து விவரங்களைத் தேடி எடுக்கும் வேலையை அவன் தலையிலேயே கட்டினாள்.

துறைமுகத்தின் பழைய ஆவண அறையில் ஒரு வாரம் தும்மியதற்குப் பலன் கிடைத்தது. தாத்தா பெயருக்கு எதிரே சிவப்பு மையில் எழுதியிருந்தது: 'கப்பலை விட்டு ஓடிவிட்டார். பாக்கிச் சம்பளம் கிடையாது.'

சிரிப்பை அடக்க முடியாமல் நகலோடு வீட்டுக்கு வந்தான். மனைவிதான் தடுத்தாள். அந்தப் பெருமை ஒன்றைப் பிடித்துக்கொண்டு இருக்கிற மனுஷி, காட்டாதீர்கள் என்றாள். நியாயமாகத்தான் பட்டது. ஒன்றும் கிடைக்கவில்லை என்று சொல்லிவிடும் முடிவோடுதான் அத்தை வீட்டுப் படியேறினான்.

"வாப்பா, ஓடுகாலி. இதையும் பாதியில விட்டுட்டு வந்துட்டியா?"

பையிலிருந்த நகல் தானாக வெளியே வந்துவிட்டது.

"நான் மட்டுமில்ல அத்தை, உங்கப்பாவும் ஓடுகாலிதான். படிச்சுப் பாருங்க."

அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். முகம் சுண்டிப்போனது. மறுபடி படித்தாள். விரல் ஓரிடத்தில் போய் நின்றது.

குடிக்கத் தண்ணீர் கொண்டுவரவா என்று கேட்டான். அவள் எழுந்து செருப்பைத் தேடினாள்.

"எங்கே அத்தை?"

"உன் பிள்ளையைப் பார்க்க."

அவன் விழித்தான்.

"ஓடினாருன்னு பார்த்தியே, என்னிக்கு ஓடினாருன்னு பார்த்தியா? நான் பொறந்த சேதி தந்தியில போச்சே, அதுக்கு மறுநாள்டா இது. சாகற வரைக்கும் எங்கிட்ட சொல்லலை பாரு, அந்த மனுஷன்."