வடதுருவ வரைபடமும் ஒரு டம்ளர் தேநீரும்

குன்னூரின் காலைப் பனிமூட்டம் ஜன்னலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற நான், நாளை இளம் அதிகாரிகளுக்கு எடுக்கப்போகும் வகுப்புக்காக வடதுருவ வரைபடத்தை மேசை முழுக்க விரித்திருக்கிறேன். நேட்டோ தளங்களுக்கு நீலக் குண்டூசி, ரஷ்யாவுக்குச் சிவப்பு. இடையிலுள்ள வெள்ளைக் கரையோரத்தில் ‘ஆளில்லாப் பகுதி’ என்று பட்டையாக எழுதி, அடிக்கோடும் இட்டிருக்கிறேன். வீட்டு வேலைக்கு வரும் இந்துமதி தேநீர் டம்ளரோடு குனிந்து பார்க்கிறாள். என் எழுத்துக்கு அடியில் அச்சாகியிருக்கும் சின்னப் பெயர்களை அவள் விரல் தொடுகிறது. “ஏனுங்க சார், இதெல்லாம் ஊருங்களா?” “ஆமாம்மா. மான் மேய்க்கிறவங்க, மீன் பிடிக்கிறவங்க இருக்காங்க.” “அவங்களை யாராச்சும் கேட்டாங்களா?” நான் குண்டூசி டப்பாவை மூடுகிறேன், மறுபடி திறக்கிறேன். “எங்கப்பாவை சிலோன் தேயிலைத் தோட்டத்துல இருந்து இங்க கப்பல் ஏத்துனப்பவும் ரெண்டு நாட்டு கவர்மெண்டுந்தான் பேசுனாங்க. அவரைக் கேக்கலைங்க.” அவள் குரலில் கோபமே இல்லை. நான் எழுதியதை என் கை தானாக மறைக்கிறது. “டீயை இங்கயே வச்சிரும்மா” என்று மறுகையால் வரைபடத்தின் மூலையைக் காட்டுகிறேன். அவள் வைக்காமல் நிற்கிறாள். “அங்கயும் ஊரு இருக்குதுங்க” என்று சொல்லி, டம்ளரை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போகிறாள்.