பரிவுத் தாள்

புது விதிப்படி, டாக்டருக்குப் படிக்கும் முன் ஓராண்டு உயிர்மருத்துவ முதுநிலைப் படிப்பைத் தாண்டியாக வேண்டும். அதில் கடைசித் தாள், பரிவு. வீட்டில் ஒருவர் நோயாளியாக நடிக்க, சுவரிலிருக்கும் தேர்வுக்கண் என்ற கருவி பேச்சு, நாடி எல்லாம் அளந்து மதிப்பெண் போடும். நித்யகல்யாணிக்கு வாய்த்த நோயாளி, அவள் அப்பா கோமதிநாயகம். வயிற்றுவலி என்று ஒரு வாரமாக ஒத்திகை.

தேர்வு தொடங்கியதும் அப்பா நாற்காலியில் சரிந்தார். "ஏளா, நெஞ்ச அடைக்கி..."

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. "வயித்துவலின்னுல்லா பேசி வச்சோம்? சொதப்பிராதீய!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தாள். தேர்வுக்கண் பார்ப்பது நினைவுக்கு வர, பாடத்தில் உள்ளபடி அவர் கையைப் பற்றினாள். "உங்கள் வேதனை எனக்குப் புரிகிறது, ஐயா."

"வெளையாட்டு இல்லளா... ஆம்புலன்ஸ கூப்பிடு..."

"நீங்கள் தனியாக இல்லை, ஐயா." குரலில் தேன் சொட்டியது. மனுஷன் இவ்வளவு நன்றாக நடிப்பாரா என்று உள்ளுக்குள் ஆச்சரியம் வேறு.

அவர் கை அவள் பிடிக்குள் துவண்டது. புன்னகையை அவள் விடவில்லை.

சுவர் கனிவாக அறிவித்தது: "நூற்றுக்கு நூறு. நோயாளியின் நாடி நின்ற பிறகும் மாணவி நிதானம் இழக்கவில்லை. மருத்துவம் படிக்க முழுத் தகுதி."