இரண்டு கையிலும் பட்டை

கிராஸ்கட் ரோட்டுக் கடையின் கண்ணாடி மேசை மேல் நாச்சிமுத்து இரண்டு கைகளையும் நீட்டி வைத்திருக்கிறார். இடது மணிக்கட்டில் நாடித் துடிப்பை எண்ணிக் காட்டும் ஒரு கம்பெனியின் கறுப்புப் பட்டை, வலதில் இன்னொரு கம்பெனியின் நீலப் பட்டை. அவர் நாடித் துடிப்பைக் கறுப்பு எழுபத்தொன்பது என்கிறது; நீலம் எழுபத்திரண்டு என்கிறது. “ரெண்டுமே நல்லாப் போற மாடலுங்க” என்கிறாள் கடைப் பெண். மனைவி துளசிமணிக்கு அது போதவில்லை. நீலப் பட்டைக்குக் கீழே, கட்டைவிரல் ஓரமாக, மூன்று விரல்களை வைத்து அழுத்துகிறாள். கண் சுவர்க்கடிகாரத்தின் விநாடி முள்ளில் இருக்கிறது, உதடுகள் அசைகின்றன. அவர் இருதயத்தில் ஸ்டென்ட் வைத்ததிலிருந்து தினமும் காலையில், தறி ஓட்டும் முன்பு, இப்படித்தான் எண்ணுகிறாள். அறுந்த இழைகளை முடிந்து முடிந்து காய்த்துப்போன அந்த விரல்களையே அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். நாளையிலிருந்து பட்டையே எண்ணிவிடும். “எழுவத்திரெண்டு. இந்த நீலத்தையே குடுத்துருங்க அம்மணி” என்கிறாள். விரல்களை மட்டும் எடுக்கவில்லை. நீலப் பட்டையில் எண் எழுபத்தைந்தாகிறது, எண்பதாகிறது, எண்பத்து நான்காகிறது. அவள் முகம் கலங்குகிறது. “ஏனுங்க, என்னுங்க பண்ணுது?” அவள் விரல்கள் விலகாதபடி வலது கையை அசைக்காமல் வைத்துக்கொள்கிறார். தறிக்குடோன் இரைச்சலில் முப்பது வருடமாக இருவரும் பேசிப் பழகிய கைஜாடையில், இடது கையைத் தூக்கிச் சுட்டுவிரலைச் சுழற்றிக் காட்டுகிறார். நிறுத்தாதே, அது பாட்டுக்கு ஓடட்டும்.